டூல் எந்தப் பக்கம் பார்க்கிறது?

சிஎன்சி லேத்தின் ஆப்செட் பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு டூலுக்கும் எதிரே நான்கு கட்டங்கள் இருக்கும். எக்ஸ், இசட், ஆர், டி. முதல் இரண்டையும் டூலை ஜாபில் தொட்டுப் பார்த்து ஆபரேட்டர் நிரப்புவார். மூன்றாவதில் இன்சர்ட் மூக்கின் வளைவு, பெரும்பாலும் 0.4 அல்லது 0.8 மில்லிமீட்டர். நான்காவதில் ஒரே ஒரு இலக்கம். வெளிப்புறம் கடையும் டூல் என்றால் 3, துளைக்குள் போகும் போரிங் பார் என்றால் 2. அது ஏன் 3, இது ஏன் 2 என்று புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டால், ‘அது அப்படித்தாம்ப்பா, போட்டுக்கோ’ என்பதே பல பட்டறைகளில் கிடைக்கும் பதில்.

அந்த இலக்கம் சொல்வது ஒன்றைத்தான்: டூலின் முனை எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. உளி மனிதன் கையில் இருந்த வரை இப்படி ஒரு கேள்விக்கு இடமே இல்லை.

தமிழில் மோர் கடைவதும் மரம் கடைவதும் ஒரே வினைச்சொல். இரண்டையும் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மத்தில் சுற்றிய கயிற்றை ஒரு கை இழுத்தால் மத்து ஒரு பக்கம் சுழலும், மறு கை இழுத்தால் எதிர்ப்பக்கம் சுழலும். பழைய கடைசல் பட்டறையிலும் அதே கயிறு, அதே முன்னும் பின்னுமான சுழற்சி. மத்து இருந்த இடத்தில் மரக்கட்டை. எகிப்தில் கி.மு. 300 வாக்கில் கட்டப்பட்ட பெடோசிரிஸ் என்ற பூசாரியின் கல்லறைச் சுவரில் இந்தக் காட்சி புடைப்புச் சிற்பமாகவே இருக்கிறது. ஒருவர் வாரைப் பிடித்து இழுக்கிறார், இன்னொருவர் உளியைப் பிடித்திருக்கிறார். கடைசல் இயந்திரத்துக்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய படங்களில் அது ஒன்று.

இப்படி முன்னும் பின்னும் சுழலும் கட்டையில் உளி பாதி நேரம்தான் வெட்டும். கட்டையின் மேற்பரப்பு உளியின் வாயை நோக்கி வரும்போது அழுத்த வேண்டும், திரும்பும்போது மயிரிழை விலக்கிக்கொள்ள வேண்டும். இன்று மோட்டார் வந்து ஒரே திசையில் சுற்றினாலும், அம்பாசமுத்திரத்தில் மரச்சொப்பு கடைபவர் உளியைத் தாங்குகட்டையில் சாய்த்துக் கையால்தான் பிடிக்கிறார். கொஞ்சம் சாய்த்தால் பட்டுப்போல் சீவல் வரும். இன்னும் கொஞ்சம் சாய்த்தால் நார் பெயர்ந்து கட்டை சொரசொரவென்று ஆகிவிடும். அந்தச் சாய்வு எத்தனை பாகை என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. சீவலின் சத்தம் மாறியதுமே கை தானாகத் திரும்பிவிடுகிறது.

இந்தக் கை வித்தையைப் புத்தகத்தில் பிடித்துவைக்க முயன்ற முதல் ஆட்களில் ஒருவர் சார்ல்ஸ் ப்ளூமியே என்ற பிரெஞ்சுத் துறவி. 1701-ல் லியோன் நகரில் கடைசல் கலை பற்றி அவர் எழுதிய நூல் படங்களோடு வெளியானது. நம் ஊர் கோயில் தோட்டங்களில் நிற்கும் கள்ளிமந்தாரைக்கு ‘ப்ளூமேரியா’ என்ற தாவரவியல் பெயர் வந்தது இதே மனிதரின் நினைவாகத்தான். செடி ஆராய்ச்சி ஒரு பக்கம், உளி பிடிப்பது ஒரு பக்கம். அந்தக் காலத்து அறிஞர்களுக்கு இரண்டும் ஒட்டிப் போயிருக்கிறது.

உளியைக் கையிலிருந்து பிடுங்கியவர்கள் பலர். ரஷ்யப் பேரரசர் பீட்டரிடம் கடைசல் கலைஞராக இருந்த ஆந்த்ரேய் நார்த்தோவ், பாரிஸில் வோக்கான்சோன் என்று இருவரும் உளியை ஒரு நகரும் தாங்கியில் பூட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதைத் தொழிலின் அன்றாடப் பழக்கமாக்கிய பெருமை ஹென்றி மாட்ஸ்லேயைச் சேரும். 1771-ல் லண்டனை ஒட்டிய வூல்விச்சில் பிறந்தவர். 12 வயதில் அங்கிருந்த ஆயுதசாலையில் தோட்டாவுக்கு மருந்து அடைக்கும் வேலை. பிறகு பூட்டு செய்வதில் பேர்போன ஜோசப் பிராமாவிடம் சேர்ந்து மேஸ்திரி நிலைக்கு உயர்ந்தார். வாரக் கூலி 30 ஷில்லிங். குடும்பம் பெரிதானது, கூட்டிக் கேட்டார், முதலாளி மறுத்துவிட்டார். 1797-ல் வெளியே வந்து சொந்தப் பட்டறை போட்டார். ஒரு சம்பளத் தகராறுக்கு இவ்வளவு பெரிய விளைவு இருந்தது அபூர்வம்தான்.

மாட்ஸ்லேயின் லேத் முழுக்க உலோகத்தில் ஆனது. அதில் உளி ஒரு தாங்கியில் இறுக்கமாகப் பூட்டப்பட்டிருந்தது. தாங்கி நேரான தடத்தின் மேல் திருகாணியால் நகர்ந்தது. ஸ்லைடு ரெஸ்ட் என்று இன்றும் சொல்கிறோம். அன்றைய தொழிலாளிகள் அதற்குக் ‘குழந்தை நடைவண்டி’ என்ற பொருளில் பட்டப்பெயர் வைத்துக் கிண்டல் செய்தார்கள். கை நடுங்கும் ஆளுக்குத்தானே இதெல்லாம் வேண்டும் என்பது அவர்களுடைய ஏளனம். சில ஆண்டுகளில் கிண்டல் அடங்கிப் போனது. எந்தக் கை தேர்ந்த ஆளும் இரும்பில் பிடிக்க முடியாத நேர்த்தியைச் சுமாரான ஆளுக்கும் அந்த வண்டி கொடுத்தது.

ஆனால் ஒன்று நடந்தது. உளி கையை விட்டுப் போனதும், அதன் சாய்வை வெட்டும்போதே திருத்திக்கொள்ள வழி இல்லாமல் போயிற்று. எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், பின்பக்கம் எவ்வளவு விலக வேண்டும் என்பதையெல்லாம் வேலை தொடங்கும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். டூல் போஸ்ட்டில் டூலை வைத்து, முனை சென்டர் உயரத்துக்கு வருகிறதா என்று பார்த்து, வராவிட்டால் அடியில் உடைந்த ஹேக்சா பிளேடு துண்டைச் சொருகும் பழக்கம் நம் லேத் பட்டறைகளில் இன்றும் உண்டு. செட்டிங் என்ற தனி வேலை பிறந்தது இப்படித்தான். கடைபவர் என்ற ஒரே ஆள் பிற்பாடு செட்டர், ஆபரேட்டர் என்று இரண்டாகப் பிரிந்ததற்கும் வேர் இங்கேதான்.

அடுத்த பெரிய பாய்ச்சல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில். 1845-ல் மிடில்ஃபீல்டு என்ற ஊரில் ஸ்டீபன் ஃபிட்ச் என்பவர் குதிரைப்படைத் துப்பாக்கிகளுக்கான திருகாணிகளைக் கடைய, பல டூல்களைச் சுற்றிலும் பூட்டித் திருப்பக்கூடிய ஒரு தலையை லேத்தில் பொருத்தினார். அதுதான் டர்ரட். ஒன்று வெட்டி முடிந்ததும் தலையைத் திருப்பினால் அடுத்தது வந்து நிற்கும். ஒரு டூலின் திசையைக் கணக்கிட்ட இடத்தில் இப்போது பலவற்றின் திசையைக் கணக்கிட வேண்டும். ஒன்று வெட்டும்போது பக்கத்தில் இருப்பது சக்கில் இடிக்கக் கூடாது என்ற கவலையும் கூடவே வந்தது. இன்றைய டர்ரட்டிலும் இந்தக் கவலை தீரவில்லை.

அதே மாநிலத்துக்காரர் கிறிஸ்டோபர் ஸ்பென்சர். 1863-ல் ஆபிரகாம் லிங்கனே கையில் வாங்கிச் சுட்டுப் பார்த்த ஸ்பென்சர் துப்பாக்கியை உருவாக்கியவர். டர்ரட்டைத் திருப்புவதற்கு ஓர் ஆள் எதற்கு என்று யோசித்த அவர், ஓர் உருளையின் மேல் வளைந்த பட்டைகளைப் பூட்டினார். உருளை மெதுவாகச் சுற்ற, பட்டைகள் நெம்புகோல்களைத் தள்ள, டூல்கள் தாமாகவே முன்னே வந்து வெட்டிப் பின்னே போயின. ‘மூளைச் சக்கரம்’ என்று அதற்குப் பேர். 1873-ல் காப்புரிமை வாங்கினார். ஆனால் கழற்றி மாற்றக்கூடிய அந்தப் பட்டைகளை, அதாவது கண்டுபிடிப்பின் உயிரையே, அவருடைய வக்கீல் விண்ணப்பத்தில் கோரத் தவறிவிட்டார். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்றாகிவிட்டது.

இயந்திரத்தில் அப்படி வளைந்து தள்ளும் பாகத்துக்குப் பெயர் கேம். இன்றைக்கு நாம் கேம் மென்பொருள் என்பது கணினி வழி உற்பத்தி என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துச் சேர்க்கை. இரண்டுக்கும் எழுத்துப் பொருத்தம் மட்டுமே. ஆனாலும் எந்த டூல், எப்போது, எவ்வளவு தூரம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். பெயர் தற்செயலாகச் சரியாக அமைந்துவிட்டது.

டூலின் முனை எப்படி இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக உட்கார்ந்து ஆராய்ந்தவர் ஃபிரெடரிக் டெய்லர். நேரக் கணக்கு வைத்துத் தொழிலாளியை விரட்டியவர் என்று பேர் வாங்கியிருந்தாலும், உலோகம் வெட்டுவதில் அவர் செய்த வேலை வேறு ரகம். 26 ஆண்டுகள் சோதனை செய்து, 1906-ல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் தலைவராக நின்று முடிவுகளை வெளியிட்டார். சோதனைகளில் மட்டும் சுமார் 8 லட்சம் பவுண்டு உலோகம் சீவலாகப் போனது. முனை ஊசியாக இருக்கக் கூடாது, வளைவாக இருக்க வேண்டும் என்பது அவர் வலியுறுத்தியவற்றுள் ஒன்று. ஊசிமுனை சீக்கிரம் உடையும். உடையாவிட்டாலும் ஜாபின் மேல் திருகாணி மரை போலக் கோடு போடும். ஒரு சுற்றுக்கு 0.2 மில்லிமீட்டர் ஊட்டத்தில் 0.8 வளைவுள்ள மூக்கு விட்டுப்போகும் மேடுகளின் உயரம் ஏறத்தாழ 6 மைக்ரான்; மூக்கை 0.4 ஆக்கினால் அது இரட்டிப்பாகும்.

1920-களின் பிற்பாதியில் ஜெர்மனியின் க்ருப் நிறுவனம் ‘வைரம் போல’ என்ற பொருளில் விடியா என்று பெயரிட்டு டங்ஸ்டன் கார்பைடை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு அந்தக் கார்பைடு சிறு வில்லையானது, இன்சர்ட் என்கிறோம். சாணை பிடிப்பது போய், மழுங்கினால் திருப்பிப் போடுவது வந்தது. சாணைக்கல்லில் அவரவர் கைப்பழக்கத்துக்குத் தேய்த்த காலத்தில் ஒருவர் டூல் மாதிரி இன்னொருவர் டூல் இருக்காது. இன்சர்ட்டோ உலகம் முழுக்க ஒரே அச்சு. சிஎன்எம்ஜி 120408 என்று டப்பாவின் மேல் படித்தால் போதும்: 80 பாகைச் சாய்சதுரம், 12 மில்லிமீட்டர் விளிம்பு, 0.8 மில்லிமீட்டர் மூக்கு. ஹோல்டரின் பெயரில் எழுத்து வரிசையின் கடைசியில் ஆர் வந்தால் வலது கை, எல் வந்தால் இடது கை. உளிக்கு இப்படி ஜாதகம் எழுதப்பட்ட பிறகுதான் கணினியிடம் அதை ஒப்படைக்க முடிந்தது.

கணினி வந்தது லேத் வழியாக அல்ல. மிச்சிகனில் ஹெலிகாப்டர் இறக்கை செய்துகொண்டிருந்த ஜான் பார்சன்ஸுக்கு 1949-ல் அமெரிக்க விமானப்படையின் ஒப்பந்தம் கிடைத்தது. வேலை எம்ஐடியின் ஆய்வகத்துக்குப் போனது. 1952-ல் ஒரு மில்லிங் இயந்திரம் துளையிட்ட காகித நாடாவைப் படித்துத் தானே வெட்டிக் காட்டியது. நாடாவுக்கு எண்களைக் கையால் கணக்கிடுவது பெரும்பாடாக இருந்ததால், டக்ளஸ் ராஸ் தலைமையில் ஏபிடி என்ற மொழி உருவானது. 1959 பிப்ரவரியில் அதைப் பத்திரிகையாளர்களுக்குக் காட்டியபோது, அந்த மொழியில் எழுதிக் கடைந்த அலுமினிய சாம்பல் கிண்ணத்தை நினைவுப் பரிசாகக் கொடுத்தார்கள்.

அந்த மொழியின் சொற்கள்தான் இங்கே கவனிக்க வேண்டியவை. ‘இடப்பக்கம் போ’, ‘வலப்பக்கம் போ’, ‘டூல் கோட்டுக்கு இடப்புறம்’, ‘டூல் கோட்டுக்கு வலப்புறம்’. புரோகிராம் எழுதுபவர் மாட்டு வண்டிக்காரர் போல டூலின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, போகிற திசையைப் பார்த்து இடம் வலம் சொல்ல வேண்டும். கையில் உளியே பிடிக்காதவருக்கு உளியின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கும்படி கட்டளை. இன்றைய ஜி-41, ஜி-42 இரண்டும் அந்த வண்டிக்காரர் சொல்லும் இடமும் வலமும்தான்.

இந்த இடத்தில் முனைக்குத் திரும்பலாம். மூக்கு வளைவானது என்பதால், தொட்டுப் பார்த்துப் பதிவு செய்யும் ‘முனை’ உண்மையில் டூலில் இல்லவே இல்லை. ஜாபின் விட்டத்தைத் தொடும் இடம் வேறு, முகத்தைத் தொடும் இடம் வேறு. இரண்டு கோடுகளும் வெளியே வெற்றிடத்தில் சந்திக்கும் ஒரு புள்ளியைத்தான் கண்ட்ரோல் முனை என்று நம்புகிறது. நேராக விட்டம் கடைந்தாலும் முகம் தட்டினாலும் இந்த நம்பிக்கையால் பழுது இல்லை. அளவு சரியாக வரும். சரிவில்தான் குட்டு உடையும். 0.8 மூக்கு வைத்து, 45 பாகையில் 1 மில்லிமீட்டர் சேம்பர் போடச் சொன்னால், ஈடுசெய்யாத லேத் சுமார் 0.53 மில்லிமீட்டர்தான் வெட்டும். மைக்ரோமீட்டரில் விட்டம் சரி, வெர்னியரில் நீளம் சரி, ஆனால் அசெம்பிளியில் ஜாப் உட்காராது. காரணம் பிடிபடும் வரை மெட்டீரியல், இயந்திரம், ஆபரேட்டர் என்று எல்லோரையும் திட்டித் தீர்த்திருப்பார்கள்.

காகித நாடாக் காலத்தில் இந்த ஈடு முழுவதையும் புரோகிராமர் திரிகோணமிதி அட்டவணை வைத்துத் தாளில் கணக்கிட்டார். மூக்கு 0.8-லிருந்து 0.4-க்கு மாறினால் நாடாவும் புதிது. கண்ட்ரோலுக்குள்ளேயே கணினி வந்து உட்கார்ந்த பிறகு, மூக்கின் அளவைச் சொன்னால் அது தானே ஈடுசெய்துகொள்ளும் என்றானது. ஆனால் அளவு மட்டும் போதாதே. அந்தக் கற்பனைப் புள்ளி மூக்கின் மையத்திலிருந்து எந்தத் திசையில் இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். நான்கு மூலைகளுக்கு 1 முதல் 4, நான்கு பக்கங்களுக்கு 5 முதல் 8, மையத்துக்கே 9 அல்லது 0. எக்ஸ் அச்சை மேலே, இசட் அச்சை வலப்புறமாக வைத்து வரைந்தால், வெளிப்புற டூலின் புள்ளி மையத்துக்குக் கீழ் இடதில் விழும், அது 3. போரிங் பாருக்கு மேல் இடது, அது 2. டிரில்லுக்கு நேர் இடது, 7.

தவறான எண் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். 0.8 மூக்குள்ள வெளிப்புற டூலுக்கு 3-க்குப் பதில் 2 போட்டு ஈடுசெய்யும் கட்டளையும் கொடுத்தால், விட்டம் 3.2 மில்லிமீட்டர் பெரிதாக நிற்கும். எண்ணே போடாமல் 0 என்று விட்டால் 1.6. ‘ஆப்செட்டில் குறைச்சுக்கலாம்’ என்று அனுபவசாலி சிரித்துக்கொண்டே எக்ஸில் கழித்துவிடுவார், விட்டம் சரியாகிவிடும், நீளமோ சரிவோ வேறெங்காவது காலை வாரும்.

இதற்கிடையே இயந்திரமே தலைகீழாகத் திரும்பியது. 1953-ல் பெங்களூரில் தொடங்கிய எச்எம்டியின் லேத்துகளில் பழகிய தலைமுறைக்கு, டூல் போஸ்ட் தன் வயிற்றுப் பக்கம் இருப்பதுதான் இயல்பு. சிஎன்சி லேத்தின் படுகையைப் பின்னோக்கிச் சரித்து, டர்ரட்டை ஜாபுக்கு அந்தப்புறம் கொண்டுபோனார்கள். சீவலும் கூலன்ட்டும் வழிந்து ஓடும், ஆபரேட்டர் ஜாபை மாற்ற எதிரே இடம் கிடைக்கும் என்பது காரணம். கோவையில் நூற்பு இயந்திரம் செய்துவந்த லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் 1988-ல் இயந்திரக் கருவிப் பிரிவு தொடங்கி, நம் ஊரிலேயே சிஎன்சி லேத் செய்ய ஆரம்பித்த காலத்தில், இந்தச் சரிந்த படுகை உலக வழக்கமாகியிருந்தது.

ஜாபின் முன்பக்கம் கீழே இறங்கும்போது பின்பக்கம் மேலே ஏறும். எனவே பின்னால் நிற்கும் டூல், வழக்கமான எம்-03 சுழற்சியில் வெட்ட வேண்டும் என்றால், இன்சர்ட்டின் முகம் தரையைப் பார்க்க வேண்டும். வலது கை ஹோல்டரைக் குப்புற மாட்டினால் சக்கை நோக்கி வெட்டும். முகம் மேலே பார்க்க வேண்டும் என்று விரும்பினால் இடது கை ஹோல்டரை மாட்டி, சுழற்சியை எதிர்த்திசைக்கு, அதாவது எம்-04 ஆக மாற்ற வேண்டும். இரண்டிலும் ஜாப் கடைந்து வரும். ஆனால் எம்-04-ல் சக்கை நோக்கி மரை வெட்டினால் இடது மரை வந்துவிடும். நட்டை எடுத்து மாட்டிப் பார்க்கும் வரை கண்ணுக்குத் தெரியாத தவறு அது.

எழுத்துப் பலகையில் வரையும்போது படம் கண்ணாடியில் பார்த்தது போலக் கவிழ்வதால், முன் டூல் போஸ்ட் லேத்துக்கு ஜி-42-ஐ ஜி-41 என்று மாற்றிவிடுபவர்களும் உண்டு. மாற்றத் தேவையில்லை. எக்ஸ் அச்சே உடன் கவிழ்ந்துவிடுவதால் குறியீடும் எண்ணும் அப்படியே இருக்கும். வெளிப்புற டூல் இரண்டிலும் 3-தான்.

கேம் மென்பொருளில் டூல் அமைக்கும் பக்கம் இந்த முழு வரலாற்றையும் ஒரு திரையில் கேட்கிறது. இன்சர்ட்டின் வடிவம் என்ன, ஹோல்டர் இடதா வலதா, முகம் மேலா கீழா, டர்ரட்டில் படுக்கையாகவா செங்குத்தாகவா, சுழற்சி எந்தப் பக்கம், முனையை எழுதவா மையத்தை எழுதவா. பதில் சரியென்றால் மென்பொருள் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்ளும். 55 பாகை இன்சர்ட்டை 93 பாகையில் நிறுத்தினால் முதுகுப்பக்கம் மிஞ்சுவது 32 பாகை; அதைவிடச் செங்குத்தான சரிவில் இறங்கச் சொன்னால் முதுகு உரசும் என்று தெரிந்து, அந்த இடத்தை வெட்டாமல் விட்டுவிடும். 80 பாகை இன்சர்ட்டை 95-ல் நிறுத்தினால் மிஞ்சுவது வெறும் 5. பதில் தப்பு என்றாலும் அது அதே தன்னம்பிக்கையோடு வேலை செய்யும். மையத்தை எழுது என்று தேர்ந்தெடுத்துவிட்டு, இயந்திரத்தில் முனையைத் தொட்டு ஆப்செட் எடுத்தால், திரையில் அழகாக ஓடிய ஜாப் இயந்திரத்தில் மூக்கின் அளவுக்குத் தள்ளி நிற்கும். சிமுலேஷனில் ஒரு சிவப்புக் கோடுகூட வராது.

மாஸ்டர்கேம் மென்பொருளை உருவாக்கிய நிறுவனம் 1983-ல் தொடங்கியது; அதன் தலைமையகம் அமைந்தது கனெக்டிகட்டில், டோலன்ட் என்ற ஊரில். ஃபிட்ச் முதல் டர்ரட்டைத் திருப்பிய மிடில்ஃபீல்டிலிருந்து ஏறத்தாழ கோவைக்கும் திருப்பூருக்கும் உள்ள தூரம்தான். 2021-ல் அந்த நிறுவனத்தை வாங்கியது ஸ்வீடனின் சான்ட்விக்; 1942 முதல் கோரமன்ட் என்ற பெயரில் கார்பைடு டூல் விற்றுவருபவர்கள். உளி செய்பவரே உளிக்கு வழி சொல்பவரையும் விலைக்கு வாங்கியிருக்கிறார். இன்சர்ட், ஹோல்டர் விவரங்களை ஐஎஸ்ஓ 13399 என்ற தரத்தில் கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம். வரைய வேண்டாம், அளக்க வேண்டாம்.

கோப்பு வந்து, புரோகிராம் வந்து, முதல் ஜாபுக்கு செட்டர் சைக்கிள் ஸ்டார்ட் அழுத்தும் முன் என்ன செய்கிறார் என்று எந்தப் பட்டறையிலும் பார்க்கலாம். ஃபீடைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு, கதவைத் திறந்து, கழுத்தை நீட்டி, கைபேசி டார்ச்சை அடித்து டர்ரட்டின் அடிப்பக்கம் பார்க்கிறார். இன்சர்ட் குப்புற இருக்கிறதா என்று விரலால் தடவிவிட்டு, நிமிர்ந்து, ஆப்செட் பக்கத்தைத் திறந்து நான்காவது கட்டத்தை ஒருமுறை படிக்கிறார்.